பொருளாளரின் பெருந்தன்மை

“கல்லைப் படிக்கிறதுக்குக் காசாம்மா?” என்று பஸ் முதலாளி கேட்டதும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூவரும் சிரித்தார்கள்.

அம்மாவும் சிரித்து வைத்தாள். உதவி கேட்டுப் போன இடத்தில் சிரிப்பு வராவிட்டாலும் வரவழைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மகள் மட்டும் சிரிக்கவில்லை.

பஸ் முதலாளிதான் அந்தக் கல்வி அறக்கட்டளைக்குத் தலைவர். வலப்பக்கம் பொருளாளர், ஊரிலேயே பெரிய நகைக்கடை அவருடையது. இடப்பக்கம் ஒரு பல் டாக்டர். அவரை எதற்காகச் சேர்த்தார்கள் என்பது அவருக்கே மறந்து போயிருந்தது.

வருஷத்துக்கு ஒரே ஒரு பிள்ளையின் மேற்படிப்புச் செலவை அறக்கட்டளை ஏற்றுக்கொள்ளும். இந்த முறை கேட்டு வந்தவர்கள் இரண்டு பேர். மகள் எம்.எஸ்ஸி. நிலவியலுக்கு. வெளியே பெஞ்சில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த பையன் எம்.காம்.முக்கு.

அந்தப் பையன் பொருளாளரின் மச்சினன் மகன். ஆகவே, இந்த நேர்காணல், ஆட்டம் முடிந்த பிறகு டிக்கெட் கிழிக்கிற வேலைதான்.

அம்மாவுக்கும் அது தெரியாமல் இல்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிறவள் அவள். இது கை நழுவினால் திங்கட்கிழமையிலிருந்து மகளும் வந்து மடிப்பாள் என்று மேஸ்திரியிடம் சொல்லி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். மகளின் அளவுக்கு ஒரு நீலச் சட்டைகூட எடுத்து வைத்தாயிற்று.

கேள்விகள் தொடர்ந்தன. பூமிக்கு அடியில் தங்கம் இருந்தால் கண்டுபிடிப்பாயா, கண்டுபிடித்தால் முதலில் யாரிடம் சொல்வாய் என்று பொருளாளர் கேட்டார். பூகம்பம் வந்தால் பல் ஆடுமா என்று டாக்டர் தன் பங்குக்குக் கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். தன் வீட்டுக் கொல்லையில் லாரி லாரியாகக் கல் கிடக்கிறது, வந்து இலவசமாகவே படித்துக்கொள்ளலாம் என்றார் பஸ் முதலாளி.

மகள் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாள். பொறுமையாகச் சொன்னதுதான் அவர்களுக்குப் பிடிக்கவில்லை.

பொருளாளர் மணி பார்த்தார். பையனைக் கூப்பிடலாமே என்று மெதுவாகச் சொன்னார்.

பஸ் முதலாளிக்கு விளையாட்டு இன்னும் அலுக்கவில்லை. விரலிலிருந்த மோதிரத்தைத் திருகித் திருகிக் கழற்றினார். கட்டைவிரல் நகம் அகலத்துக்கு ஒரு பச்சைக்கல்.

“எங்கே, இதப் பாத்துச் சொல்லு. உன் படிப்பு எந்த லட்சணத்துல இருக்குன்னு பாப்போம்.”

மகள் மோதிரத்தை வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போனாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். திருப்பினாள். வாயருகே கொண்டுபோய் ஒரு முறை ஊதினாள். மறுபடியும் பார்த்தாள்.

அவ்வளவு நேரம் பார்ப்பாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு வர வேண்டியதுதானே என்று இருந்தது அம்மாவுக்கு.

இதை எங்கே வாங்கினீர்கள் என்று மகள் மரியாதையாகக் கேட்டாள்.

வேறெங்கே, நம் பொருளாளர் கடையில்தான் என்று பஸ் முதலாளி நெஞ்சை நிமிர்த்தினார். இரண்டு பஸ்ஸை விற்று வாங்கியதாம். வெளியாளாக இருந்தால் மூன்று பஸ் ஆகியிருக்குமாம்.

மகள் பொருளாளரைப் பார்த்தாள். பிறகு கல்லைப் பார்த்தாள். பிறகு மறுபடியும் பொருளாளரைப் பார்த்தாள்.

மோதிரத்தைக் கொண்டுவந்து இரண்டு கைகளாலும் மேசைமேல் வைத்தாள்.

“லேப்ல வச்சுப் பாக்காம எதுவும் சொல்லக் கூடாது சார். தப்பாப் போயிடும்.”

ஏ.சி. ஓடிக்கொண்டுதான் இருந்தது. பொருளாளர் கைக்குட்டையை எடுத்துப் பிடரியைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு அவர் பேசினார். அறக்கட்டளையின் வரலாற்றில் அவர் அவ்வளவு பேசியதில்லை.

சொந்தம், பந்தம் என்று பார்த்தால் தர்மம் எப்படி விளங்கும் என்று கேட்டார். இந்தப் பெண்ணுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றார். மகள் விண்ணப்பத்தில் எழுதியிருந்ததோ பக்கத்து ஊர்ப் பல்கலைக்கழகம்; பஸ்ஸில் போய் வந்தே படித்துவிடலாம். பொருளாளர் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. இத்தனை திறமையை உள்ளூரில் போட்டு வீணடிக்கலாமா? ரயிலில் ஏறினால் இரண்டு ராத்திரி கழித்து இறங்குகிற மாதிரி தூரத்தில் நல்ல இடமாகப் பார்க்கச் சொன்னார். விடுதிச் செலவும் தருவதாகச் சொன்னார். விடுமுறைக்குக்கூட அலைச்சல்பட்டு ஊருக்கு வர வேண்டாம், அந்த நாட்களுக்கான சாப்பாட்டுச் செலவைத் தன் கையிலிருந்தே தருகிறேன் என்றார்.

பஸ் முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. மச்சினன் மகனையே விட்டுக்கொடுக்கிறாரே, மனுஷன் என்றால் இவரல்லவா மனுஷன் என்று நெகிழ்ந்துபோய், மோதிரத்தைப் பழையபடி விரலில் மாட்டிக்கொண்டார்.

பல் டாக்டர் தன் இடது கை விரலில் இருந்த கல் மோதிரத்தைப் பார்த்தார். கையை மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டார்.

காசோலை அன்றைக்கே எழுதப்பட்டது. வெளியே பெஞ்சில் இருந்த பையன் காலைக் கீழே இறக்கியிருந்தான்.

தெருவுக்கு வந்து, முக்கு திரும்புகிற வரை அம்மா வேகமாக நடந்தாள். திரும்பியதும் மகளின் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஏண்டி, அது வெறும் கண்ணாடிதானே?”

மகள் அக்கம்பக்கம் பார்த்தாள்.

“எனக்கெப்படிம்மா தெரியும்? எங்க காலேஜ்ல மூணு வருஷமும் மைக்ராஸ்கோப்பை பீரோவுல வச்சுப் பூட்டியில்ல வச்சிருந்தாங்க. பச்சையா இருந்துச்சு, அவ்வளவுதான் தெரிஞ்சுது. அதுக்கு மேல தெரிஞ்சுக்கத்தானே படிக்கப் போறேன்.”