மூடியைத் திறந்ததும்

கோயம்புத்தூரில் மிக்ஸி மோட்டார் செய்யும் பட்டறை வைத்திருந்தார் மாரப்பன். அவர் மனைவி அமிர்தவேணிக்கு, சுற்றிக்கொண்டிருந்த மிக்ஸி பிளேடில் விரல்நுனி போயிற்று. அதன் பிறகு அவள் மிக்ஸியின் பக்கமே போகவில்லை. எல்லாவற்றையும் அம்மியில் அரைத்தாள். மாரப்பன் பட்டறையிலேயே கிடந்தார். மூடியைத் திருகிப் பூட்டினால்தான் ஓடும், மூடி அசைந்தாலே நின்றுவிடும் மிக்ஸி ஒன்றைச் செய்து ஒருநாள் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

தேங்காயும் மிளகாயும் போட்டு ஓடவிட்டு, "மூடியத் தொற அம்மணி" என்றார்.

அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "நீங்களே தொறங்க."

அவர் திருகினார். சத்தம் சட்டென்று அறுந்தது. மூடியை எடுத்தபோது பிளேடு அசையாமல் நின்றது. தேங்காய்த் துருவல் மட்டும் ஜார் சுவரிலிருந்து மெல்ல வழுக்கி இறங்கியது.

"என்னமா நிக்குதுங்க" என்றாள். "இன்னொருக்கா காட்டுங்க."

காட்டினார். அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் ஓரடி கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். கடைசியில் உப்பை எடுத்துப் போட்டு, மூடியைத் தானே திருகிப் பூட்டினாள். மிக்ஸி ஓடியது.

மாரப்பனின் கை தடுப்பதுபோல் அவளுக்குக் குறுக்கே நீண்டது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாள் அவள். "வெளிச்சத்த மறைக்கிறீங்க."