பிரேக் பிடித்த காலை

ஆத்தூர் அணைச் சரிவில் காலை வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. இதே சரிவில் சேதுபதியின் புது பிக்கப் வண்டிக்குப் பிரேக் இரண்டு தடவை பிடிக்காமல் போயிருக்கிறது. இன்று தன் கண்முன் ஒரு தடவை தவறினால் வண்டியைக் கம்பெனியே திருப்பி வாங்கிக்கொள்ளும் என்று சொல்லித்தான் இன்ஜினியர் ஓட்டிப் பார்க்கிறார். வண்டி ஒவ்வொரு முறையும் சொன்ன இடத்தில் நிற்கிறது. "அருமையா பிடிக்குதேண்ணே! இதை எப்படித் திருப்பி வாங்குவாங்க?" சாவியைக் கொடுத்துவிட்டுப் போகிறார். வண்டி கிளம்பிய இடத்தில் நசுங்கிக் கிடக்கும் எலுமிச்சம்பழங்களைச் சேதுபதி அப்போதுதான் பார்க்கிறான். "ஏண்டி, இன்னைக்குப் போயா பழம் வச்ச?" "சக்கரம் உருளுதேன்னு... பழக்கத்துல வச்சுட்டேன்," என்கிறாள் மனைவி கனகா. வண்டியின் பின்தட்டில் மல்லிகை மூட்டைகள் வாட ஆரம்பிக்கின்றன. திண்டுக்கல் சந்தைக்கு இறங்கியாக வேண்டும். அவள் ஏறக் கதவைத் திறக்கிறாள். ஸ்டியரிங் முன் உட்கார்ந்திருக்கும் அவன் கீழே இறங்கும் சரிவைப் பார்த்துவிட்டு, எட்டி அதைச் சாத்துகிறான். "நீ பஸ்ல வா."