குதிரைகளை நிறுத்தியவன்

மேசை மேல் இருந்த ஏழு மைக்குகளையும் ஃபோதிஸ்தான் மாட்டியிருந்தான். அந்த பீச் பழ டப்பா ஆலையின் கூட்ட அறையில் பேசுவது, முதலாளி இருக்கும் ராட்டர்டாமில் எப்படிப் போய் விழுகிறது என்பது, அவன் காதிலிருந்த ஹெட்போனுக்கு மட்டுமே தெரியும்.

போன கூட்டத்தில் மேஸ்திரி லாம்ப்ரோஸ் விரலில் மணிச்சரம் உருட்டியது, அந்தப் பக்கம் குதிரைக் குளம்படிச் சத்தமாகக் கேட்டிருக்கிறது.

"டப்பா ஆலையில குதிரை எதுக்கய்யா வளக்குறீங்க?" என்று முதலாளி கத்தினார். புல்லுக்கு யார் பணம் என்றும் கேட்டார்.

லாம்ப்ரோஸ் மூச்சை விட்டாலும் விடுவார், மணிச்சரத்தை விடமாட்டார். ஆகவே, 'டிக்'கென்று எந்தச் சத்தம் வந்தாலும் கருவியே விழுங்கிவிடும்படி ஃபோதிஸ் செய்து வைத்தான்.

சோதனைக்கு அவன் மனைவி பொலிக்ஸேனி மைக்கின் முன்னால் பல்லால் வால்நட் உடைத்தாள். ஹெட்போனில் ஒன்றுமில்லை. பல்லே உடைந்திருந்தாலும் கேட்டிருக்காது.

"உங்கம்மா வாயிலயும் இதுல ஒண்ணு மாட்டிவிடேன்," என்றாள்.

இப்போது அவளும் லாம்ப்ரோஸும் இன்னும் ஐந்து பேரும் தொழிலாளர் சார்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மறுத்தாலும் ஆலையை மூட முடியாது என்பது பழைய ஒப்பந்தம்.

ஒலிபெருக்கியில் முதலாளியின் குரல் வந்தது. "ஆலையை மூடி நிலத்தை விக்கிறேன். வாங்குறவர் பக்கத்துலயே பேனாவைத் திறந்து வெச்சிருக்கார். சம்மதமா? சத்தம் வரலைன்னா சம்மதம்னு எடுத்துக்குவேன்."

ஆலை இருந்த அந்த ஊரில் வாய் திறந்து 'வேண்டாம்' என்பவன் இன்னும் யோசிக்கிறான் என்று அர்த்தம். பேரம் பேசினால் இறங்குவான். தீர்மானமாக மறுப்பவன் மோவாயை மேலே தூக்கி, நாக்கை அண்ணத்தில் ஒட்டி எடுப்பான்.

ப்ச்.

அதற்குமேல் பேச்சில்லை.

ஏழு மோவாய்கள் ஒன்றாக எழுந்தன. பொலிக்ஸேனியின் 'ப்ச்'சில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே மரத்திலிருந்து இரண்டு பழங்கள் உதிர்ந்தன.

ஹெட்போனில் நிசப்தம். வால்நட் உடைத்தபோது இருந்த அதே சுத்தமான நிசப்தம்.

ஃபோதிஸ் வாயைத் திறப்பதற்குள், "புரிஞ்சுது. நன்றி," என்று முதலாளி இணைப்பைத் துண்டித்தார்.

அறையே எழுந்து குதித்தது. லாம்ப்ரோஸ் சாராயப் புட்டியைத் திறந்தார். "பாத்தீங்களா, ஒரே ப்ச்சுல மனுஷன் ஓடிட்டான்!"

ஃபோதிஸ் திரும்பத் திரும்ப அழைத்துப் பார்த்தான். அந்தப் பக்கம் யாரும் எடுக்கவில்லை.

பொலிக்ஸேனி இரண்டு கோப்பைகளோடு வந்தாள். "என்னய்யா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? நாங்க சொன்னது அங்க நல்லாக் கேட்டுச்சுல்ல?"

ஃபோதிஸ் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தான். மெல்ல மோவாயைத் தூக்கினான்.

ப்ச்.