வெறும் நெற்றி

குருவிட்ட ஊருக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு முன்னால் ஜெபக்கூட்டப் பந்தல் தயாராக இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கிய மருதவீரன் நேரே போய், மாவுப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்த சபை ஊழியக்காரி எஸ்தர் மிஸ்ஸிடம், சபை அச்சடித்த ஒரு நோட்டீஸை நீட்டினான். அதில் தவமணி என்ற பெண்ணும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் கலர் படமாக நின்றார்கள்.

“இந்தப் பொம்பளைக்கு என்னா கஷ்டங்க மிஸ்?”

“விதவை பிரதர். புருஷன் குடிச்சே செத்துப்போனான். நாங்கதான் அரிசி, மாவு குடுத்துத் தாங்குறோம்.”

“செத்துட்டான்னு அவ சொன்னாளா?”

“சொல்லணுமா? படத்தப் பாருங்க, நெத்தியில பொட்டு இல்ல. கொழும்பு ஆபீஸ்ல பாத்ததுமே விதவைன்னு எழுதிட்டாங்க.”

“படம் புடிக்கிறப்ப, ‘பொட்ட அழிச்சிட்டு வா, அப்பத்தான் மாவு’ன்னு சொன்னது நீங்கதானே மிஸ்?”

எஸ்தர் மிஸ்ஸின் முகம் கறுத்தது. “அத யாரு உங்களுக்குச் சொன்னா?”

“போன லீவுல வந்தப்ப அவதான் அழுதுகிட்டே சொன்னா. நான் குடிக்கிறதுமில்ல, சாகவுமில்ல. பெல்மதுளையில பேக்கரி வேலை செய்றேன். அவ புருஷன் நான்தான்.”

மிஸ் ஒருதரம் ரோட்டைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“பிரதர், வெளிநாட்டுப் பாஸ்டர் அந்த விதவையப் பாக்கத்தான் வந்துகிட்டிருக்காரு. அவரு போற வரைக்கும் நீங்க கொஞ்சம் தேயிலைக்குள்ள போயி இருங்களேன்.”

மருதவீரன் பந்தலுக்குள் போனான். ஜெபத்துக்கு வைத்திருந்த மைக்கைக் கையில் எடுத்தான்.

“தவமணி! நெத்தி நெறைய பொட்டு வச்சிக்கிட்டு வெளிய வா. செத்தவன் எழும்பி வந்துட்டேன்!”