மெதடோன் கவுன்ரர்

“கண்ணைப் பார், செக்கச் செவேலெண்டு கிடக்கு!” மாதா கோயில் பாட்டுக்குழுவை நடத்தும் கிளடிஸின் குரல் பார்மசி முழுவதும் கேட்டது.

“நைற் ஷிப்ற், அன்ரி,” என்றான் ஜஸ்ரின்.

“ஓமோம், எல்லாரும் உதைத்தான் சொல்லுறவை.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மல்வேர்னில் அந்த ஓரக் கவுன்ரரில் நிற்பவர்கள் எதற்கு நிற்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். போதையை விட முயல்பவர்களுக்கு அங்கே மெதடோன் கொடுப்பார்கள். மருந்தாளரின் கண்முன்னே குடித்தாக வேண்டும்.

“கோட்டு வாசல்லை எங்கடை அவர் உன்னைக் கண்டவர். கொம்மா ஃபக்டரியிலை முதுகை முறிச்சு வளர்த்ததுக்கு இதுவே கைம்மாறு? பார், மனுசி அழுதழுது மூக்கைத் துடைக்கிறா.”

பக்கத்தில் அவனுடைய தாய் பேர்ணடெற், ஓகஸ்ட் வெயிலிலும் ஸ்வெற்றரை இழுத்துப் போர்த்தியபடி நின்றாள். மெல்ல மகனின் கையைச் சுரண்டினாள்.

“வா, வீட்டை போவம். சனம் பாக்குது.”

“ஏலாதம்மா. நேற்றும் இல்லை, முந்தநாளும் இல்லை. இண்டைக்கும் குடிக்காட்டி மருந்தை வெட்டிப்போடுவினம். பின்னேரம் கோட்டிலை ஜட்ஜ் கேப்பார், மருந்து ஒழுங்காக் குடிச்சதோ எண்டு. பிறகு ஜெயில்தான்.” அவன் தாயின் பக்கம் குனிந்தான். “பிளீஸ், அம்மா.”

தாயின் கையை விட்டால் எல்லாமே போய்விடும் என்பதுபோல இறுக்கிப் பிடித்திருந்தான்.

“கெஞ்சுற கெஞ்சலைப் பார்! வாற ஞாயிறு பூசையிலை உன்ரை பேரைச் சொல்லி மன்றாடச் சொல்லுறன்.”

“சொல்லுங்கோ, அன்ரி.”

மருந்தாளர் சுபாங்கி சின்னக் கோப்பையோடு வந்தாள். தோடம்பழச் சாற்றில் கலந்த மருந்து. ஜஸ்ரின் கையை நீட்டவில்லை. ஓரடி விலகி வழி விட்டான்.

பேர்ணடெற் கோப்பையைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளாலும் அதை எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள்.

கிளடிஸின் பார்வை மகனிலிருந்து தாய்க்குத் தாவியது.

“மருந்தை வாயுக்கை வைச்சிருக்கேல்லை எண்டு எனக்குத் தெரியவேணும், அன்ரி,” என்றாள் சுபாங்கி பேர்ணடெற்றிடம், வழக்கமான கனிவோடு. “ஏதாவது ஒண்டு கதையுங்கோ.”

பேர்ணடெற் திரும்பினாள்.

“என்ரை பிள்ளையை ஏசாதேங்கோ, கிளடிஸக்கா.”