ஜன்னலில் ஒட்டிய துண்டு

பனி பெய்யும் நாட்டுக் குழந்தைகளின் சிவப்பு ஸ்வெட்டர்களை இங்கே கொளுத்தும் கோடையில்தான் தைத்தாக வேண்டும். வாங்குகிற கம்பெனி, தனக்குப் பிடித்த சிவப்புத் துணித்துண்டில் பாதியை வைத்துக்கொண்டு மறுபாதியை மாதிரியாக அனுப்பியிருந்தது. ஆர்டரைக் கவனிக்கும் கோகிலவாணி அதை மேசையருகே ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினாள். நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். சாயப்பட்டறையிலிருந்து வந்த ஒவ்வொரு துணி லோடையும் அந்தத் துண்டோடு ஒட்டிவைத்துப் பார்த்தாள். சிவப்பு தூக்கலாக இருக்கிறதென்று சிலவற்றைத் திருப்பியும் அனுப்பினாள். பட்டறைக்காரர்கள் திட்டிக்கொண்டே மறுபடி சாயம் போட்டார்கள்.

துணி முழுவதும் வெட்டியாகிவிட்ட அன்று, துண்டின் மேல் கம்பெனி ஒட்டி அனுப்பியிருந்த ‘ஓகே’ ஸ்டிக்கர் காய்ந்து உதிர்ந்தது. அது மூடியிருந்த இடம் மட்டும் ஈரம் பட்டதுபோல அடர்ந்த சிவப்பாக இருந்தது.

கட்டிங் மாஸ்டர் தங்கமுத்துவும் பார்த்துவிட்டார்.

“மறுபடி துணி போட நாளிருக்குங்களா மேடம்?”

“கப்பல் நிக்காதுங்க மாஸ்டர். குளிர் முடிஞ்சப்புறம் ஸ்வெட்டர எவன் வாங்குவான்?”

அவர் ஸ்டிக்கரை எடுத்து, எச்சில் தொட்டு, பழைய இடத்திலேயே வைத்து அழுத்தினார். விரலை எடுக்கவில்லை.

“அவிங்க வெச்சிருக்கற பாதி மேல வெயில் படுமுங்களா மேடம்?”