ஏழாம் நம்பர் படம்

ஆர்வில் மறுபடியும் தப்பான பெயரை எழுதி வைத்திருந்தார்.

ஹைடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அமெரிக்காவில், மினசோட்டாவின் அந்தச் சின்ன கவுண்டி மாவட்டத்தில், வரலாற்றுச் சங்கத்தின் செயலாளராகி அவளுக்கு ஆறு மாதம்தான் ஆகிறது. நூற்றைம்பதாவது ஆண்டு மலர் திங்கட்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். பெயர் தெரியாத பழைய படங்கள் இன்னும் பதினொன்று பாக்கி. பெயரில்லாத படம் மலரில் வராது என்று குழு கறாராகச் சொல்லிவிட்டது.

சங்கத்துக்கு அலுவலகம் பழைய ரயில் நிலையம். டிக்கெட் ஜன்னல் பக்கத்தில் ஒரு பலகை. படத்துக்கு ஒரு நம்பர், கீழே ஒரு துண்டுச் சீட்டு. தெரிந்தவர்கள் பெயரை எழுதலாம். சீட்டில் இருப்பதை அப்படியே படத்தோடு போட்டுவிடும், வியாழன்தோறும் வருகிற உள்ளூர்ப் பத்திரிகை.

நேற்றும் போட்டுவிட்டது.

"ஆர்வில், நாலாம் நம்பர் படத்துல இருக்கறது ஹாகன் வீட்டுக் குதிரைன்னு எழுதினீங்க. அது எங்க குதிரைன்னு பீட்டர்சன் வந்து ஒரு மணி நேரம் கத்திட்டுப் போனார்."

"அவர் கத்தி நான் கேட்டு எவ்வளவு நாளாச்சு," என்றாள் சங்கத்துக்கு உதவிக்கு வருகிற டோனா, காபி வடித்துக்கொண்டே. மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு பீட்டர்சன் தன் வீட்டு வாசல் தபால்பெட்டி வரைக்கும்கூட வந்ததில்லை.

"ரெண்டாம் நம்பர்ல லூத்தரன் சர்ச் பெண்களை மெதடிஸ்ட் சர்ச்னு எழுதினீங்க. சண்டைக்கு ரெண்டு கார் நிறைய ஆள் வந்தாங்க."

"மூணு கார்," என்றார் ஆர்வில், ஸ்வெட்டரில் ஒட்டிய ரொட்டித் துகளைத் தட்டிவிட்டபடி.

எண்பத்துநாலு வயசு. இருபது வருஷமாகச் சம்பளமில்லாமல் வந்து உழைக்கிறவர். அதற்காக இப்படியா? மலரில் ஒரு பெயர் மாறி அச்சாகிவிட்டால், ஹைடி இந்த ஊர் மளிகைக் கடைக்குள் தலைகாட்ட முடியாது.

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டியதுதான்.

"ஆர்வில், கோபிச்சுக்காதீங்க. இனிமே நீங்க இங்க..."

கதவு படாரென்று திறந்தது.

இங்கா பிரெக்கெ. ஒரு கையில் ஊன்றி நடக்கிற வாக்கர், கக்கத்தில் சுருட்டிய பத்திரிகை, காலில் வீட்டுச் செருப்பு. வாசலில் பக்கத்து வீட்டுக்காரர், பாதி சவரம் செய்த முகத்தோடு, வண்டியில் காத்திருந்தார்.

"யாரு எழுதினது இதை?"

பத்திரிகையை மேஜைமேல் போட்டாள். ஏழாம் நம்பர் படம். கவுண்டி கண்காட்சியில், பரிசு ரிப்பன் குத்திய பழம் வைத்துச் சுட்ட வட்டப் பணியாரத் தட்டை ஏந்திச் சிரிக்கிற ஒரு பெண். கீழே: கிளாடிஸ் தோர்சன்.

ஹைடி தயங்கினாள். "அது வந்து... தப்பா இருந்தா திருத்திடலாம்மா."

"தப்பாவா? அது நான், பொண்ணே. 1961. புளிப்பு ருபார்ப் தண்டு போட்ட என்னோட பணியாரத்துக்கு முதல் பரிசு. கிளாடிஸுக்கு மூணாவது. போட்டியில இருந்ததே மூணு பேர்தான்."

"எனக்கென்னவோ கிளாடிஸ் மாதிரிதான் இருக்கு," என்றார் ஆர்வில்.

"உன் கண்ணுல கோளாறு. கிளாடிஸ் பிசைஞ்ச மாவை ஷூவுக்கு அடியில ஒட்டலாம்."

"பாவம், போய்ச் சேர்ந்துட்டா. அவளைப் போய்..."

"செத்துட்டா மாவு மெத்துனு ஆயிடுமா?"

டோனா சிரிப்பை அடக்கப் பார்த்து, காபியை மேஜைமேல் ஊற்றிவிட்டாள்.

இங்கா பலகைப் பக்கம் போனாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். "இதுவும் தெரியாதா உங்களுக்கு? இது எங்க வீட்டுக்காரர் ஆர்னியோட தம்பி. பக்கத்துல நிக்கறவ அவனை ஏமாத்திட்டுப் போனவ. பேரு சொல்றேன், எழுதிக்கோ. இந்தக் கறவை மாட்டுக்குக்கூடப் பேரு உண்டு."

ஹைடி எழுதினாள். பென்சில் மழுங்க மழுங்க எழுதினாள். மத்தியானத்துக்குள் ஏழு படங்களுக்குப் பெயர் வந்துவிட்டது. பெயரோடு கல்யாணம், காய்ச்சல், களவு போன டிராக்டர் எல்லாம் சேர்ந்தே வந்தன. பக்கத்து வீட்டுக்காரரும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டார்.

டோனாவின் எலுமிச்சை கேக்கில் மூன்று துண்டு தின்றுவிட்டு இங்கா எழுந்தாள்.

"சர்க்கரை ஜாஸ்தி. செவ்வாய்க்கிழமை நான் செஞ்சு எடுத்துட்டு வரேன். அந்தப் பொட்டியில இன்னும் படம் இருக்குல்ல? எடுத்து வைங்க. இந்தக் கிழவன் கையில மட்டும் பென்சிலைக் குடுக்காதீங்க."

வண்டி கிளம்பிப் போனது. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்ற டோனா மூக்கை உறிஞ்சினாள்.

"ஆர்னி போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு, ஹைடி. இங்காவுக்கு வாரம் தவறாம போன் பண்ணுவேன், ஒரு வாய் காபிக்கு வாங்கன்னு. ஒரு தடவைகூட வரலை."

ஹைடி மெதுவாக ஆர்வில் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் படத்துல இருக்கறது இங்கான்னு நிஜமாவே உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? அன்னைக்கு அந்தத் தட்டுல ரெண்டு துண்டு சாப்பிட்டவன் நான்."

"அப்புறம் ஏன் அப்படி எழுதினீங்க?"

ஆர்வில் மழுங்கிப்போன பென்சிலை எடுத்துச் சீவ ஆரம்பித்தார்.

"டோனா காபிக்குக் கூப்பிட்டா. நான் சண்டைக்குக் கூப்பிட்டேன்."